நாலு நூல் போல்ட்டு



வயலில் உழுதுகொண்டிருக்கும் டிராக்டரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முன்னால் எஞ்சின், நடுவில் கியர்ப் பெட்டி, பின்னால் பெரிய சக்கரங்களுக்குரிய அச்சுப் பெட்டி. இம்மூன்றையும் தாங்கி நிற்பது எது என்று கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? லாரியைப் பார்த்துப் பழகியவர்கள், "அடியில் நீண்ட இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும், எல்லாம் அதன்மேல் அமர்ந்திருக்கும்" என்பீர்கள். லாரிக்கு அது சரியான விடை. ஆனால் பெரும்பாலான பண்ணை டிராக்டர்களில் அத்தகைய சட்டம் கிடையாது. எஞ்சினின் உடலும், கியர்ப் பெட்டியும், பின்அச்சுப் பெட்டியும் கனத்த வார்ப்பிரும்பினால் ஆனவை. அவற்றை முகத்தோடு முகம் பொருத்திப் போல்ட்டுகளால் இறுக்கிவிடுகிறார்கள். இவ்வாறு கூடிய பெட்டிகளே டிராக்டரின் முதுகெலும்பு. முதுகெலும்பின் கணுக்களை விலகாமல் காப்பவை, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத சில போல்ட்டுகள். அந்தப் போல்ட்டுகளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பழங்காலத்து டிராக்டர்கள் பல, ரயில் எஞ்சினைப்போலக் கனமான சட்டத்தின்மீது கட்டப்பட்டவை. அவை விலை மிகுந்தவை. மென்மையான நிலத்தில் இறங்கினால் எடையினாலேயே புதைபவை. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு அமெரிக்காவில் 'ஃபோர்ட்சன்' என்னும் டிராக்டரைப் பேரளவில் செய்யத் தொடங்கினார். அதில் சட்டத்தை அறவே நீக்கி, பெட்டிகளையே சட்டமாக்கினார்கள். முதல் உலகப் போரினால் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்த பிரிட்டன், அந்த டிராக்டர்களை ஆயிரக்கணக்கில் வாங்கிற்று. 1946ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செய்யப்பெற்ற ஃபெர்குசன் டிராக்டரும் இதே அமைப்பை உடையதே. அதன் வழியில் வந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை நம் நாட்டில் செய்வதற்காக 1960இல் சென்னையில் 'டாஃபே' நிறுவனம் தொடங்கப்பெற்றது. எனவே நம் ஊர்க் களத்துமேட்டில் நிற்கும் டிராக்டருக்கும் அந்த 1917ஆம் ஆண்டு டிராக்டருக்கும் இவ்வகையில் நெருங்கிய உறவு உண்டு.

சட்டத்தை நீக்கியதால் எடையும் விலையும் குறைந்தன. ஆனால் சட்டம் சுமந்த சுமை எங்கும் போய்விடவில்லை. அது பெட்டிகள் சந்திக்கும் இணைப்புகளுக்கு வந்துசேர்ந்தது. சேற்று வயலில் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டித் தொளி உழும்போது பின்பகுதி ஒரு பக்கம் அமிழும். முன்சக்கரம் வரப்பில் ஏறும். பெட்டிகளை முறுக்கிப் பிரிக்க முயலும் விசை நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். சாலையில் பாரவண்டி இழுக்கும்போதும், முன்புறத்தில் மண் அள்ளும் கருவியைப் பூட்டும்போதும் இவ்வாறே. இந்தச் சுமையை இணைப்பு எப்படித் தாங்குகிறது என்பதை நானே மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு குறுவைப் பருவத் தொடக்கம். என் தம்பி மகனிடம் பழைய டிராக்டர் ஒன்று இருந்தது. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேரும் இடத்தில் வண்ணப்பூச்சு வரிவரியாக வெடித்திருந்தது. அவ்வெடிப்பின் வழியே துருவைப்போன்ற செந்நிறத் துகள் கசிந்திருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனோம். இணைப்பில் இருந்த பத்துப் போல்ட்டுகளில் ஒன்று முறிந்திருந்தது. இரண்டு, விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. மேஸ்திரி சுமார் நாற்பது வயதினர். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "வண்டியை இரண்டாகப் பிரித்துப் பத்தையும் மாற்ற வேண்டும், ஐயா, மூன்று நாள் ஆகும்" என்றார்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் காத்திருந்தது. நான் குறுக்கிட்டேன். "முறிந்தது ஒன்றுதானே, தம்பி? அதை மட்டும் மாற்றி, மற்றவற்றை நன்றாக முடுக்கிவிட்டால் போதாதா?" என்றேன். அவர் மறுமொழி கூறாமல், முறிந்த போல்ட்டின் தலைத்துண்டை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தார். முறிந்த முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற வரிகளைப்போன்ற மெல்லிய கோடுகளுடன் இருந்தது. எஞ்சிய சிறுபகுதி மட்டும் உடைத்த கருப்பட்டியைப்போலச் சொரசொரப்பாக இருந்தது. "இது நேற்று முறியவில்லை, ஐயா. பல மாதங்களாக முறிந்துகொண்டே இருந்திருக்கிறது. நேற்றுத்தான் முடிந்தது" என்றார்.

அவர் கூறியதன் பொருளை உணர வேண்டுமானால், போல்ட்டு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நாம் அறிய வேண்டும். மாட்டு வண்டியில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று கடையாணி. அச்சின் முனையில் குறுக்கே நின்று, சக்கரம் கழன்று போகாமல் தடுப்பது அது. மற்றொன்று சக்கரத்தைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டா. பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகச் செய்து, நெருப்பிலிட்டு விரியவைத்து, சக்கரத்தின்மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்த பட்டா சுருங்க முயலும். மரம் அதற்கு இடம் கொடாது. எனவே அது என்றென்றும் இழுபட்ட நிலையிலேயே இருந்து, மரத்துண்டுகளை ஒன்றாக நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

போல்ட்டு கடையாணியைப்போன்றது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். துளைக்குள் ஓர் இரும்புக் கம்பி குறுக்கே நிற்பதால் பெட்டிகள் விலகாமல் இருக்கின்றன என்பது நம் எண்ணம். அது பிழை. போல்ட்டு பட்டாவைப்போன்றது. அது தான் இழுபட்டிருப்பதனால்தான் பிடிக்கிறது. நட்டைத் திருகும்போது போல்ட்டு உண்மையாகவே நீளுகிறது. அரை அங்குலப் பருமனுள்ள நல்ல எஃகுப் போல்ட்டை முறைப்படி இறுக்கினால், அது இரு முகங்களையும் ஏறத்தாழ 4 டன் விசையோடு நெருக்கும். இரு வார்ப்பிரும்பு முகங்களும் அவ்வாறு நெருக்குண்டால், அவற்றிடையே உள்ள உராய்வு அந்த நெருக்கத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு ஆகும் எனக் கொள்வோம். அப்போது ஒரு போல்ட்டின் பங்காக அரை டன்னுக்கு மேற்பட்ட வழுக்குவிசையை அந்த முகங்களே தடுத்துவிடும். பத்துப் போல்ட்டுகளுக்கு 5 டன்னுக்கு மேல். பல டிராக்டர்களில் இரு பெட்டிகளையும் நேராக நிறுத்துவதற்குப் பொருத்தூசிகளும் உண்டு. போல்ட்டின் கடமை நெருக்குவது ஒன்றே.

இப்போது ஒரு வியப்பைக் கேளுங்கள். 4 டன் விசையோடு இழுபட்டிருக்கும் அந்தப் போல்ட்டு எவ்வளவு நீண்டிருக்கும்? இரண்டு அங்குல நீளம் இழுபட்டால், நீட்சி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது ஒரு தலைமயிரின் பருமன். அத்தனை பெரிய இயந்திரத்தின் உறுதியும் அந்த மயிரிழை நீட்சியில் அடங்கியிருக்கிறது. இரு முகங்களுக்கு நடுவே பழைய வண்ணப்பூச்சோ, துருச் செதிலோ, மண்ணோ இருந்துவிட்டால், வேலை செய்யும்போது அது நசுங்கும். மயிரிழை அளவு நசுங்கினால் போதும். போல்ட்டின் நீட்சி முழுதும் போய்விடும். போல்ட்டு அதே இடத்தில்தான் இருக்கும். பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அது தன் வேலையை விட்டுவிட்டது.

நன்கு இறுகிய போல்ட்டு, வெளிச்சுமை ஏறி இறங்குவதை மிகச் சிறிதளவே உணரும். நெருக்குண்ட முகங்களே அதனைப் பெரிதும் ஏற்றுக்கொள்ளும். தளர்ந்த போல்ட்டோ ஒவ்வோர் அசைவையும் தானே தாங்க வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது உங்களுக்குத் தெரியும். அதுபோல, முறிக்கும் அளவுக்குப் பெரிதல்லாத விசையும் இலட்சக்கணக்கான முறை மாறிமாறி வந்தால் எஃகு களைத்துவிடும். மரையின் பள்ளத்தில் மெல்லிய வெடிப்புத் தோன்றும். அது சிறிது சிறிதாக உள்ளே பரவும். நான் கண்ட அலைவரிகள் அவ்வெடிப்பு நின்று நின்று நடந்த அடிச்சுவடுகள். செந்நிறத் துகள், இரு முகங்களும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டதால் உதிர்ந்த இரும்பின் துரு. ஒரு போல்ட்டு தளர்ந்தபின் அதன் சுமையை மற்றவை சுமந்தன. அவற்றுள்ளும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கக்கூடும். பத்தையும் மாற்ற வேண்டும் என்று மேஸ்திரி கூறியதன் காரணம் இதுவே. நான் சொன்னபடி செய்திருந்தால், களைத்த ஒன்பதையும் புதிய ஒன்றையும் நம்பி ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தியிருப்போம். வரப்பேறும் நேரத்தில் டிராக்டர் நடுவில் பிளந்தால் அவர் கதி என்னவாகும்?

வண்டியைப் பிரிக்கும் வேலை தொடங்கிற்று. முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார்கள். முன்அச்சு ஊஞ்சலைப்போல ஆடக்கூடியது. எனவே பிரிந்த எஞ்சின் ஒரு பக்கம் சாயாதபடி அச்சுக்கும் எஞ்சின் தாங்கிக்கும் நடுவே இருபுறமும் மர ஆப்புகளை அடித்தார்கள். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் தனித்தனியே திண்ணிய மரக்கட்டைகளும் ஜாக்கியும் கொடுத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் கை நீட்டவில்லை.

போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது மற்றொரு செய்தி வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்று அசையவே மறுத்தது. 'இதுவாவது உறுதியாக இருக்கிறதே' என்று எண்ணினேன். அரும்பாடுபட்டு வெளியே எடுத்தபோது அதன் மரையெல்லாம் நசுங்கி, வார்ப்பிரும்பின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மேஸ்திரி மரை அளக்கும் தகட்டை அதன்மேல் வைத்துக் காட்டினார். துளையில் இருந்தது அங்குலத்துக்கு 13 புரி. போல்ட்டில் இருந்தது 12 புரி. முன்பு எப்போதோ யாரோ, கைக்குக் கிடைத்த நாலு நூல் போல்ட்டைச் செலுத்தியிருக்கிறார்கள். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்பதும், நாலு நூல் என்பது அரை அங்குலம் என்பதும் பட்டறைக் கணக்கு. பருமன் ஒன்றுதான், புரி வேறு.

இந்த வேற்றுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர், தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறுபட்ட மரைகளுக்குப் பொது அளவு ஒன்றை முன்மொழிந்தார். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. அரை அங்குலப் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 புரி. 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணமுள்ள மரையை முன்மொழிந்தார். அவ்வழியில் வந்த அமெரிக்க அளவில் அரை அங்குலத்துக்கு 13 புரி. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் உதிரிப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் தொல்லை தந்தன. அந்த அனுபவத்தினால் 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 60 பாகையையே பொதுவாக ஏற்றுக்கொண்டன. ஆனால் பழைய அளவுகள் மறைந்துவிடவில்லை. இவற்றோடு மெட்ரிக் அளவும் இன்று கடைகளில் நிறைந்திருக்கிறது. 12 மில்லிமீட்டர்ப் போல்ட்டை அரை அங்குலப் போல்ட்டின் அருகில் வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உண்மையில் அது 0.7 மில்லிமீட்டர் மெலிந்தது, புரியிடைத் தூரமும் வேறு. முரண்பட்ட மரை இரண்டொரு சுற்றுவரை இலேசாக ஏறும். அதன்பின் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். முரட்டுத்தனமாகத் திருகுபவர், 'நன்றாக இறுகிவிட்டது' என்று மகிழ்வார்.

மேஸ்திரி அந்தப் போல்ட்டைக் கீழே வைத்துவிட்டு, "இது இறுகியிருக்கவில்லை, ஐயா, சிக்கியிருந்தது" என்றார். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பில் நின்ற எனக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. திருகுவோர் கைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இறுகியது நீண்டு நெருக்குகிறது. சிக்கியது வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

முறிந்த போல்ட்டின் மிச்சம் துளைக்குள் புதைந்திருந்தது. மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து இரவெல்லாம் ஊறவிட்டார்கள். மறுநாள் நட்டநடுவில் புள்ளிக்குத்து வைத்து, சிறிய துரப்பணத்தால் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கினார்கள். நடு சிறிது பிசகினாலும் துளையின் சுவர் கெட்டுவிடும். அவசரக்காரர்கள் கடினமான எஃகினாலாகிய பிடுங்கியைச் செலுத்தி அதையும் உள்ளே முறித்துவிடுவது உண்டு. அதன்பின் அதைத் துளையிடவும் இயலாது. தவறான போல்ட்டினால் கெட்ட துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, அதற்கென்றே செய்யப்பெற்ற கம்பிச் சுருளைத் திருகிப் பழைய அளவுக்குக் கொணர்ந்தார்கள்.

சில துளைகளில் போல்ட்டுக்கு மாற்றாக ஸ்டட்டுகள் இருந்தன. ஸ்டட்டு என்பது தலையில்லாத, இரு முனைகளிலும் மரையுள்ள கம்பி. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசைக்கு எளிதில் உடையும். அதில் வெட்டிய மரையில் போல்ட்டைப் பலமுறை ஏற்றி இறக்கினால் மரை உதிரும். எனவே ஸ்டட்டின் ஒரு முனையை நிலையாகப் பதித்துவிட்டு, தேய்மானமெல்லாம் நட்டுக்கே வரும்படி செய்கிறார்கள். பெட்டிக்குள் போகும் முனையில் பெரும்பாலும் பரும்புரியும், நட்டு ஏறும் முனையில் நுண்புரியும் அமைந்திருக்கும். ஸ்டட்டைக் கழற்றும் முறையும் அழகானது. இரண்டு நட்டுகளை அதன்மேல் ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கிவிட்டு, உள்நட்டை இடப்புறமாகத் திருப்பினால் ஸ்டட்டே வெளியே வரும். ஏற்றும்போது வெளிநட்டை வலப்புறமாகத் திருப்ப வேண்டும்.

துளைகளில் டேப்பு விட்டு மரையைத் துப்புரவு செய்து, காற்றால் ஊதினார்கள். மறுபுறம் திறவாத துளையில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது போல்ட்டைச் செலுத்தினால், எண்ணெய் அமுங்காது, வார்ப்பிரும்புதான் பிளக்கும். இரு முகங்களையும் பளிச்சென்று தெரியும்வரை துடைத்தார்கள். புதிய போல்ட்டுகளின் தலையில் மும்மூன்று கோடுகள் இருந்தன. அங்குல அளவில் அது நடுத்தர உறுதியுடைய எஃகின் அடையாளம். ஆறு கோடுகள் அதனினும் உயர்ந்தது. கோடே இல்லாதது சாதாரண இரும்பு. மெட்ரிக் போல்ட்டில் 8.8 என்பதுபோன்ற எண் இருக்கும். புள்ளிக்கு முன்னுள்ள 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசையில்தான் அது அறும் எனக் காட்டும். பின்னுள்ள 8, அதில் பத்தில் எட்டுப் பங்குவரை நிலையாக நீண்டுவிடாது எனக் காட்டும்.

பெட்டிகளை மீண்டும் சேர்க்கும்போது அரை அங்குல இடைவெளி மிஞ்சியது. கியர்ப் பெட்டியின் தண்டு கிளச்சுக்குள் நுழையவில்லை. உதவியாளராக நின்ற இளைஞர், "போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாமா, அண்ணே?" என்று கேட்டார். மேஸ்திரி தலையை அசைத்துத் தடுத்தார். போல்ட்டால் இழுத்தால் பெட்டியின் காது ஒடிந்துவிடும். அவர் எஞ்சின் சக்கரத்தைச் சிறிதே திருப்பினார். தண்டின் பற்கள் தம் இடத்தைக் கண்டன. இரு முகங்களும் கைத்தள்ளலிலேயே ஒன்றின. அதற்குப் பின்னரே போல்ட்டுகள் உள்ளே சென்றன. எல்லாவற்றையும் கையாலேயே கடைசிவரை ஏற்றிப் பார்த்தார்கள். கையால் ஏறாத மரை, தவறான மரை.

பின்னர் எதிர்எதிராக, மூன்று சுற்றில், விசை காட்டும் டார்க் ரெஞ்சினால் இறுக்கினார்கள். அக்கருவியும் உண்மை முழுவதையும் கூறிவிடாது. நாம் செலுத்தும் முயற்சியை நூறு பங்காகக் கொண்டால், ஏறத்தாழ 50 பங்கு தலைக்கடியிலுள்ள உராய்விலும், 40 பங்கு மரையின் உராய்விலும் செலவாகின்றன. போல்ட்டை நீட்டுவது சுமார் 10 பங்குதான். துருப்பிடித்த மரையில் அந்தப் பத்தும் கிட்டாது. எண்ணெய் தடவிய மரையில் அது மிகுந்து, போல்ட்டு அளவுக்கு மீறி நீண்டுவிடும். ஆகவேதான் ஒவ்வொரு டிராக்டருக்கும் உரிய கையேடு விசையின் அளவை மட்டுமன்றி, மரை உலர்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் பூசியிருக்க வேண்டுமா என்பதையும் கவனித்து நடக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை டிராக்டர் வயலுக்குத் திரும்பிற்று. நாற்று நட இரண்டு நாள் தாமதமாயிற்று, வேறு குறையில்லை. சில நாள் உழுதபின் மேஸ்திரி தாமே வந்து, ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் ஒருமுறை சோதித்துவிட்டுப் போனார். புதிய முகங்கள் படிந்து அமரும்போது மயிரிழை நீட்சியில் சிறிது குறைந்திருக்கக்கூடும் அல்லவா?

மாணவர்களே, இயற்பியல் நூலில் மீட்சியியல், உராய்வு, திருகின் புரியிடைத் தூரம் என மூன்று தனித்தனிப் பாடங்களைப் படிக்கிறீர்கள். நானும் அவற்றைப் பல்லாண்டு கற்பித்தேன். அவை மூன்றும் ஒரு நாலு நூல் போல்ட்டில் ஒன்றுகூடி ஒருவர் உயிரைக் காப்பதைப் பட்டறையில்தான் கண்டேன். உங்கள் ஊரில் டிராக்டர் நிற்குமானால், அதன் பெட்டிகள் சேரும் கோட்டை ஒருமுறை நின்று பாருங்கள். பூச்சு வெடித்திருந்தாலோ, செந்நிறத் துகள் கசிந்திருந்தாலோ உரியவரிடம் சொல்லுங்கள். அவர் ஸ்பானரை எடுத்து அந்த ஒன்றை மட்டும் முடுக்க முயன்றால், பிரித்துப் பார்ப்பது நல்லது என்று பணிவோடு எடுத்துரையுங்கள். ஏன் என்று கேட்டால், காரணம் சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும்.